ஒன்றரை ராத்தல் அரிசி: கடல் கடந்தவர்களின் சோறும் சாதியும்



இரட்டைமலை சீனிவாசன் நினைவாகக் கூடியிருக்கிறோம். அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் 1893இல் தொடங்கிய ‘பறையன்’ இதழிலிருந்து 1930ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்கு ஒரே தாவலில் போய்விடுவார்கள். நடுவில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் இந்த நாட்டிலேயே இல்லை. 1900இல் புறப்பட்டவர், தென்னாப்பிரிக்காவில் அரசு மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்துவிட்டு 1920களின் தொடக்கத்தில்தான் திரும்பினார். அங்கே அவரைச் சுற்றித் தமிழ் பேசியவர்கள் யார்? பெரும்பாலும் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களும் அவர்கள் பெற்ற பிள்ளைகளும்தான். அவர்களில் கணிசமானோர் நம் சேரிகளிலிருந்து கப்பலேறியவர்கள். அந்த மக்கள் என்ன சாப்பிட்டார்கள், அவர்கள் சாப்பிட்டது பிற்பாடு யாருடைய உணவாகப் பேர் வாங்கியது என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

இந்தத் தலைப்பு என்னிடம் வந்து சேர்ந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஆடி மாதத்தில், டர்பன் நகரத்திலிருந்து ஓர் அம்மா எங்கள் பக்கத்துக்கு வந்திருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. தமிழ் தெரியாது. கையில் கப்பல் பட்டியலின் நகல் ஒன்று வைத்திருந்தார். நேட்டாலுக்குப் போன ஒவ்வொரு கூலிக்கும் அப்படி ஒரு பதிவு உண்டு. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உடம்பில் உள்ள தழும்பு, மாவட்டம், தாலுகா, கிராமம் என்று கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள். அவருடைய பூட்டனாருக்கு வட ஆற்காடு. ஊரைக் கண்டுபிடித்துத் தர முடியுமா என்று நண்பர் ஒருவர் மூலமாக என்னிடம் வந்தார். அந்தம்மாவின் குடும்பப் பெயர் ஓர் ஆதிக்க சாதியின் பட்டம். நகலில் சாதிக் கட்டத்தில் இருந்ததோ ‘பறையர்’. அந்தச் சொல்லை அவர் ஆங்கில அகராதியில் பார்த்திருக்கிறார். ஒதுக்கப்பட்டவரைக் குறிக்கும் வசைச்சொல் என்று மட்டுமே தெரியும். அது உயிரோடிருக்கும் ஒரு மக்களின் பெயர் என்று தெரியாது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் அம்மா போட்டியும் மொச்சைக்கொட்டையும் போட்டுக் குழம்பு வைத்திருந்தார். வெளிநாட்டு விருந்தாளிக்குக் குடல்கறியை எப்படிப் போடுவது என்று கூச்சப்பட்டு முட்டை பொரிக்கக் கிளம்பியவரை அந்தம்மா கையைப் பிடித்து நிறுத்தினார். அவர் வீட்டிலும் இதுதானாம். ஆட்டுக்காலையோ குடலையோ பயறு போட்டு மசாலாவில் வேகவைப்பார்களாம். ‘டிராட்டர்ஸ் அண்ட் பீன்ஸ்’ என்றால் டர்பன் இந்தியர்களில் தெரியாதவர் கிடையாது. சாப்பிட்டு முடித்துவிட்டு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “எங்கள் ஊரில் தமிழ்ப் பண்பாட்டு விழா என்றால் வாழையிலை போட்டுச் சைவச் சாப்பாடு போடுகிறோம். வீட்டில் சாப்பிடுவது இது. எங்கள் முன்னோர் எதைக் கொண்டுவந்தார்கள்?”

எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. அதன் பிறகு வாசித்ததைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

கப்பலேறியவர்கள் பசியோடு ஏறியவர்கள் என்பதை மறக்கக்கூடாது. 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமை முறை ஒழிந்ததும், கரும்புக்கு ஆள் தேடி மொரீஷியசுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோகத் தொடங்கினார்கள். நேட்டாலுக்கு முதல் கப்பல் ‘ட்ரூரோ’. சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள்.

அவர்கள் விட்டுவந்த ஊரில் என்ன சாப்பாடு? பண்ணையாளுக்குக் கேழ்வரகுக் கூழ், கம்பங்கூழ், அறுவடைக் காலத்தில் கொஞ்சம் நெல்லு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்ற தாதுவருஷப் பஞ்சத்தில் அதுவும் இல்லை. அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியம், ஓர் அணா. ஒரு ராத்தல் என்பது இன்றைய கணக்கில் 450 கிராம். மண் சுமக்கிறவனுக்கு இது போதாது, இது உயிரைக் கொல்லும் அளவு என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். அது தனிக் கதை.

இப்போது நேட்டால் ஒப்பந்தத்தைப் பாருங்கள். மாதச் சம்பளம் 10 ஷில்லிங், ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏற்றம். அத்தோடு ஆணுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் அரிசி. மாதத்துக்கு அளந்து பருப்பு, உப்புக்கருவாடு, நெய் அல்லது எண்ணெய், உப்பு. ஏட்டில் எழுதியிருந்தது இது. சேரியில் அரிசிச்சோறு என்பது பண்டிகைக்கும் சாவுக்கும் கண்ட பண்டம். அதைத் தினமும் தருவதாக அரசாங்க முத்திரையோடு ஒரு காகிதம் சொல்கிறது. ‘ஏமாந்து போனார்கள், பிடித்துக்கொண்டு போனார்கள்’ என்றே கூலிகளின் வரலாற்றை எழுதுகிறார்கள். ஏமாற்று நிறையவே நடந்தது. ஆனால் ஒன்றரை ராத்தல் என்ற கணக்கைக் கேட்டு, யோசித்து, ஊரை விட்டே போய்விடுவது என்று முடிவெடுத்த மனிதர்களும் அவர்களில் இருந்திருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையைப் படித்தவர்களுக்கு இது புரியும். குடியிருக்கிற குடிசையின் மண்கூடத் தன்னுடையது இல்லை என்ற நிலையில் இருந்தவனிடம் தாய்மண்ணைப் பிரிந்த சோகத்தை மட்டும் தேடினால் எப்படி?

காகிதத்தில் இருந்தது இலையில் விழுந்ததா என்பது வேறு கேள்வி. அரிசிக்குப் பதில் மக்காச்சோள மாவு கொடுப்பதற்கு இடம் இருந்தது, கொடுத்தார்கள். பெண்களுக்குச் சம்பளமும் படியும் பாதி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் முறைக்குத் தோட்டத்தில் ‘டபுள் கட்’ என்று பெயர். நோயில் படுத்தவனுக்கு ஒன்றுக்கு இரண்டாக நட்டம். கர்ப்பிணியின் பாடு இன்னும் மோசம். 1872இலும் 1885 முதல் 1887 வரையிலும் விசாரணைக் குழுக்கள் வைக்கும் அளவுக்குப் புகார்கள் குவிந்தன. ஆக, கடல் கடந்த தமிழ்ச் சமையலின் முதல் சரக்குப் பட்டியலை எழுதியது எந்தப் பாட்டியும் இல்லை. தோட்ட முதலாளியின் படியளப்புக் கணக்குதான் அதை எழுதியது. அரிசி, பருப்பு, கருவாடு. டர்பனில் இன்றும் கருவாடும் கத்தரிக்காயும் போட்டு வைக்கும் குழம்புக்குத் தனி மரியாதை உண்டு. அது பரம்பரைச் சுவை என்று சொல்லிக்கொள்கிறார்கள். பரம்பரையும் உண்டு, படிக்கணக்கும் உண்டு.

அடுத்தது கப்பல். பல வாரப் பயணம். ஒரே அடுப்பு, ஒரே அண்டா, ஒரே வரிசை. உடன் உட்கார்ந்து உண்ணக்கூடாது, ஒருவன் கைத்தண்ணீரை இன்னொருவன் குடிக்கக்கூடாது என்பதில்தானே சாதியின் அன்றாட உயிர் இருக்கிறது. அது கப்பலில் நடைமுறைக்கு ஒத்துவரவில்லை. இதைப் பற்றி நமக்குக் கிடைக்கும் எழுத்துகள் பெரும்பாலும் ஒரு பக்கத்துக் குரல்தான். பீஜித் தீவில் 21 ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பிய தோத்தாராம் சனாத்யா என்ற வட இந்தியப் பிராமணரின் இந்தி நூல் 1914இல் வெளிவந்தது. ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க அது பெரிதும் உதவியது, அந்த நன்றி நமக்கு உண்டு. அதில் கப்பலிலும் கூடாரங்களிலும் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக வைத்துச் சோறு போட்டதைக் கொடுமைகளில் ஒன்றாகவே அவர் சொல்கிறார். அவர் நிலையில் அது கொடுமைதான். அந்த வரிசையில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சமாருக்கு அது என்னவாக இருந்திருக்கும்? அவர் புத்தகம் எழுதவில்லை. ‘கடல் தாண்டினால் சாதி போய்விடும்’ என்ற பயமே, போனால் நட்டப்படுகிறவனின் பயம். நம்மவர்களுக்குக் கடலைத் தாண்டக்கூடாது என்று எந்தச் சாத்திரமும் பொருட்படுத்திச் சொல்லவில்லை. ஊர்க்கிணற்றைத்தான் தாண்டக்கூடாது.

கப்பலில் உடைந்தது கரையிலும் முழுக்க உடைந்தே கிடந்தது என்று கதை கட்ட நான் வரவில்லை. டர்பனில் காந்தி வீட்டில் நடந்ததை அவரே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். 1898ஆம் ஆண்டு. அவருடைய அலுவலக எழுத்தர்கள் அவர் வீட்டிலேயே தங்குவார்கள், குஜராத்திகளும் தமிழர்களும். அவர்களில் ஒருவர் கிறிஸ்தவர், பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்தவர். மற்றவர்களின் சிறுநீர்ப் பாத்திரத்தை எடுத்துக் கழுவிய கஸ்தூரிபாவால் அவருடையதை மட்டும் மனம் ஒப்பி எடுக்க முடியவில்லை. காந்தி மனைவியிடம் நடந்துகொண்ட முறைக்காக வருந்தி எழுதிய பக்கங்கள் அவை. அவர் வருத்தம் அவரோடு. எனக்கு அந்தப் பெயரில்லாத எழுத்தரின் நினைவுதான் வருகிறது. மதம் மாறி, கடல் கடந்து, படித்து, வக்கீல் அலுவலகத்தில் வேலையும் வாங்கியாகிவிட்டது. அவர் பாத்திரம் மட்டும் மாறவில்லை.

ஒப்பந்தம் முடிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் சமையலின் உண்மையான கதை இருக்கிறது. உம்கெனி ஆற்றங்கரையிலும் நகர ஓரத்திலும் துண்டு நிலம் குத்தகைக்குப் பிடித்துக் காய்கறி போட்டார்கள். கூடையில் சுமந்து வெள்ளைக்காரர் வீட்டு வாசலில் விற்றார்கள். முனுசாமி, ராமசாமி என்ற பெயர்களை வெட்டி எல்லா ஆண்களையும் ‘சாமி’ என்றார்கள் வெள்ளைக்காரர்கள். பெண்கள் எல்லோரும் ‘மேரி’. கொல்லையில் முருங்கையும் கறிவேப்பிலையும் வளர்ந்தன. ஜூலு மக்கள் பறித்துச் சமைத்த காட்டுக்கீரைகளும் நம்மவர் சட்டிக்கு வந்தன. கீரை என்ற பொதுச்சொல் மறைந்து, ஆங்கிலத்தில் ‘ஹெர்ப்ஸ்’ என்று சொல்லிக் கடைந்து சாப்பிடுகிறார்கள். அங்குள்ள சேப்பங்கிழங்குக்கு ஜூலு மொழியில் அமாதும்பே. டர்பன் தமிழர் வாயில் அது மதும்பி. ஆடிக்கூழ் ஊற்றக் கேழ்வரகு கிடைக்காத இடத்தில் மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்து அம்மனுக்குக் கஞ்சி காய்ச்சினார்கள். ‘பாரிஜ் பிரேயர்ஸ்’, அதாவது கஞ்சிப் படையல் என்று இன்றும் நடக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வராமல் போனபோது உடைத்த மக்காச்சோளத்தை ‘மீலி ரைஸ்’ என்று அரிசி மாதிரி வடித்துச் சாப்பிட்டார்கள்.

ஆட்டின் நல்ல கறி விலை அதிகம். தலை, கால், குடல் மலிவு. ஏழை எந்த நாட்டிலும் அதைத்தான் வாங்குவான். ஆனால் அதைக் கழுவத் தெரிய வேண்டும், பக்குவப்படுத்தத் தெரிய வேண்டும். குடலைப் புரட்டிச் சுண்ணாம்போ மஞ்சளோ போட்டு உரசிக் கழுவுகிற வேலை எந்த வீட்டுப் பெண்களுக்குப் பழக்கம் என்பது உங்களுக்கே தெரியும். என் அம்மாவின் குழம்பும் டர்பன் குழம்பும் ஒன்றாக இருந்ததில் மந்திரம் ஏதும் இல்லை.

டர்பன் உணவு என்றதும் உலகம் இன்று சொல்லும் பெயர் ‘பன்னி சௌ’. உள்ளே குடைந்த ரொட்டியில் குழம்பை ஊற்றிக் கொடுப்பது. அதன் பிறப்பைப் பற்றிப் பல கதைகள். அதிகம் சொல்லப்படுவது இது: கிரே தெருப் பகுதியில் குஜராத்தி வணிகர்கள் நடத்திய உணவகங்களில் கறுப்பின மக்கள் உட்கார்ந்து சாப்பிட நிறவெறிச் சட்டமும் வழக்கமும் இடம் தரவில்லை. எடுத்துப்போய்ச் சாப்பிட வசதியாக ரொட்டியே பாத்திரம் ஆயிற்று. வணிகரைக் குறித்த ‘பனியா’ என்ற சொல்தான் ‘பன்னி’ ஆனது என்கிறார்கள். நான் இதில் இரண்டு விஷயத்தைப் பார்க்கிறேன். ஒரு தீண்டாமையின் கதவுக்கு வெளியே பிறந்த உணவு, இன்னொரு தீண்டாமையை உண்டாக்கியவர்களின் சாதிப்பெயரைச் சுமந்து நிற்கிறது. பாத்திரத்தில் தராமல் வேறு வழியில் தருவது என்றால் என்ன என்று இரட்டைக்குவளை பார்த்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்று அதைக் ‘கலப்புப் பண்பாட்டின் அடையாளம்’ என்று சுற்றுலாத்துறை கொண்டாடுகிறது. கொண்டாடட்டும். ஆனால் இந்தியரும் ஆப்பிரிக்கரும் ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்று நட்பாக வாழ்ந்தார்கள் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. 1949 ஜனவரியில் டர்பனில் இரு தரப்புக்கும் நடந்த கலவரத்தில் 142 பேர் செத்தார்கள். கடைக்காரனும் வீட்டுக்காரனும் யார், வாங்குகிறவனும் வாடகைக்கு இருப்பவனும் யார் என்ற கணக்கு அதற்குள் இருந்தது.

அந்தம்மாவின் கேள்விக்கு இப்போது வருகிறேன். குடல்கறி சமைத்த வீடுகளின் பொது அடையாளமாகச் சைவ இலை எப்படி வந்தது?

தோட்டங்களில் கூலிகள் முதலில் கட்டியது பெரும்பாலும் மாரியம்மன் கோயில்கள். தீமிதி, கரகம், கோழி ஆடு பலி, பறை. மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயிலில் பெருங்கூட்டம் கூடுவது ஈஸ்டர் நாட்களில். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தீமிதி பெரிய வெள்ளியன்று. அம்மனுக்கும் ஏசுவுக்கும் பஞ்சாங்கத்தில் உறவு ஏதும் இல்லை. தோட்டத்தில் லீவு விடுகிற நாள் அதுதான். அதேபோல முகரம் ஊர்வலத்தில் தமிழ்க் கூலிகள் கூட்டமாகக் கலந்துகொண்டார்கள். கூலிகளுக்கென்று விட்ட விடுமுறை அது. வெள்ளைக்காரர்கள் கேலியாக அதைக் ‘கூலி கிறிஸ்துமஸ்’ என்றார்கள்.

1905இல் ஆரிய சமாஜத்தின் பாய் பர்மானந்தரும், 1908இல் சுவாமி சங்கரானந்தரும் நேட்டால் வந்தார்கள். இந்துக்கள் முகரத்தில் கலக்கக்கூடாது, தீபாவளியைக் கொண்டாட வேண்டும், அதற்கு விடுமுறை கேட்க வேண்டும் என்று சங்கரானந்தர் இயக்கம் நடத்தினார். 1912இல் தென்னாப்பிரிக்க இந்து மகா சபை பிறந்தது. வெள்ளையன் ‘காட்டுமிராண்டி’ என்று சொல்லும்போது, ‘இல்லை, எங்களுக்கும் வேதம் உண்டு, தத்துவம் உண்டு’ என்று காட்ட வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் காட்டுவதற்கு எதை எடுத்தார்கள், மறைப்பதற்கு எதை எடுத்தார்கள்? பலிக்கறியும் பறையும் சாமியாட்டமும் ‘அறியாமை’ ஆயின. காவடி விரதம், புரட்டாசி விரதம், வாழையிலை அன்னம் ஆகியவை ‘பண்பாடு’ ஆயின. புரட்டாசி மாதத்தில் டர்பனில் கறி சாப்பிடாத தமிழ், தெலுங்கு வீடுகள் ஏராளம். மீதி மாதங்களில் ஆட்டுக்கால் வேகும் அதே வீடுகள். மொரீஷியசிலும் தமிழ் விருந்து என்றால் ஏழு கறி வைத்த சைவ இலைதான் அடையாளம். பட்டப்பெயரை மாற்றிக்கொண்டவர்கள் சாப்பாட்டின் பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். தப்பித்தவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாதிக் கட்டத்தை அழிக்க வாய்ப்புக் கிடைத்தால் நம்மில் யார் அழிக்க மாட்டோம்? ஆனால் அழித்த இடத்தில் எதை எழுதினோம் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லோரும் அந்த வழியில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்துக்கு நேட்டாலிலும் கிளை உண்டு. அங்கே பௌத்தத்தைத் தழுவிய தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. ஆனால் மகா சபையின் குரல் முன்னால் அது சின்னக் குரல்.

பிரெஞ்சுத் தீவுகளில் கதை வேறு மாதிரி போனது. குவாதலூப்புக்கு முதல் இந்தியக் கூலிக் கப்பல் 1854 கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள் போய்ச் சேர்ந்தது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர். மார்த்தினிக்குக்கு அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏறியவர்கள் நிறைய. அவர்கள் மொழியை இழந்தார்கள், ஞானஸ்நானம் பெற்றார்கள், வாக்குரிமைக்கே போராட வேண்டியிருந்தது. ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கிய குடியுரிமை வழக்கு 1923இல்தான் முடிந்தது. அங்கே சீர்திருத்தம் சொல்ல எந்தச் சாமியாரும் அந்தக் காலத்தில் வந்து சேரவில்லை. மாரியம்மன் ‘மாலியெமென்’ ஆனாள், மதுரைவீரன் ‘மால்தெவிலென்’ ஆனான். பொருள் மறந்த தமிழில் பாட்டு, பறை, ஆட்டுப் பலி, பிறகு பலிக்கறியைச் சமைத்து வந்தவர்கள் எல்லோருக்கும் பந்தி. பந்தியில் கறுப்பின அயலாரும் உண்டு. மதுரைவீரன் யார், எந்தச் சேரியில் வளர்ந்த பிள்ளை என்று இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டாம். இந்தியாவில் பெருங்கோயிலுக்கு வெளியே நிற்கும் அவன் அங்கே கோயிலுக்குள் முதல் மரியாதை வாங்குகிறான்.

அந்தக் கறியின் பெயர் ‘கொலொம்போ’. மல்லி, மஞ்சள், சீரகம், கடுகு, மிளகு அரைத்த பொடி, அதில் ஆடோ கோழியோ. இன்று மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் பொது உணவு. கறுப்பரும் வெள்ளையரும் தங்கள் ஊர்ச் சாப்பாடு என்று சொல்கிறார்கள். கொழும்பு நகரத்தின் பெயர் அது என்போர் உண்டு, ‘குழம்பு’தான் அப்படித் திரிந்தது என்போரும் உண்டு. எனக்குக் குழம்பு என்று நம்பத்தான் ஆசை, ஆனால் ஆசை ஆதாரம் ஆகாது. ரீயூனியன் தீவில் தமிழர் கோயில் பலியோடு சேர்ந்து வளர்ந்த ‘கப்ரி மசாலே’, அதாவது ஆட்டுக்கறி மசாலா, அப்படியே அந்தத் தீவின் உணவாகிவிட்டது. ஒளித்து வைக்காத இடத்தில் உணவு எல்லோருக்கும் ஆகிவிட்டது என்பது இதில் எனக்குத் தெரிகிற செய்தி. டர்பனில் கோயில் வாசலுக்குள் வராத ஆட்டுக்கறி, குவாதலூப்பில் நாட்டுக்கே அடையாளம்.

இந்த இடத்தில் நம் பக்கத்தையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். மலாயாவில் சீர்திருத்தம் பேசியவர்கள் ஆரிய சமாஜிகள் மட்டும் இல்லை. 1929 கடைசியில் பெரியார் மலாயா போய்வந்த பிறகு சுயமரியாதைக் கருத்து அங்கே வேகமாகப் பரவியது. கோ. சாரங்கபாணி முன்னின்ற சிங்கப்பூர் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தீமிதியையும் உயிர்ப்பலியையும் எதிர்த்தது. சாதி ஒழிப்பையும் அதே மூச்சில் பேசியது. கள்ளுக்கடை விஷயம் இன்னும் சிக்கல். தோட்டத்துக் கள்ளுக்கடை கூலியின் சம்பளத்தை முதலாளியிடமும் அரசாங்கத்திடமும் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்த்த குழாய். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒன்று, வெள்ளைத் துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் ஒன்று. இரண்டும் ஒரே சுயமரியாதையிலிருந்து வந்தவை. ஆகவே நம் மக்கள் உண்டதும் குடித்ததும் எல்லாம் புனிதம் என்று திருப்பிப் போட்டுப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. எதை நாமே விட்டோம், எதை விடவைத்தார்கள் என்று பிரித்துப் பார்க்கத்தான் சொல்கிறேன். அம்பேத்கர் 1948இல் தீண்டாமையின் தோற்றத்தை மாட்டிறைச்சியில் தேடியபோது செய்ததும் அதுதான். உண்பவனின் இழிவு உணவில் இல்லை, அதை இழிவு என்று தீர்ப்பு எழுதியவனின் அதிகாரத்தில் இருக்கிறது என்பதை வரலாறாகக் காட்டினார்.

இதெல்லாம் பழங்கதை என்று யாராவது நினைத்தால், இன்று அமெரிக்காவுக்குப் படிக்கப் போயிருக்கும் நம் பிள்ளைகளிடம் கேளுங்கள். நீ என்ன சாதி என்று அங்கே யாரும் நேராகக் கேட்பதில்லை. ‘நீங்கள் வெஜிடேரியனா?’ என்று கேட்கிறார்கள். முதுகில் தட்டுகிற சாக்கில் பூணூல் தேடுகிறார்கள். 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் மறுத்துத் திருப்பி அனுப்பினார். எதிர்த்து முன்னால் நின்றவை ‘இந்துப் பண்பாட்டை’ப் பாதுகாக்கிறோம் என்ற அமைப்புகள். அந்தப் பண்பாட்டின் இலையில் என்ன பரிமாறுகிறார்கள் என்று ஒருமுறை பாருங்கள். 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 விழுக்காட்டுக்கு மேல் புலால் உண்பவர்கள். அயல்நாட்டு மேடையில் அவர்கள் சார்பாகப் பேசுவது மீதி மூன்று விழுக்காட்டின் இலை.

அந்தம்மாவின் ஊரைக் கண்டுபிடித்தோம். முதலில் ஊர்த்தெருவுக்குத்தான் போனோம், அவர் வைத்திருந்த பட்டத்தை வைத்து விசாரிப்பது எளிது என்று நினைத்து. ஒரு பெரியவர் அந்தப் பட்டத்தைக் கேட்டதும் எழுந்து நாற்காலி போட்டார், உள்ளே குரல் கொடுத்துத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். தென்னாப்பிரிக்காவிலிருந்து சொந்தம் வந்திருக்கிறது என்று நாலு பேரைக் கூப்பிட்டார். கல்லூரி படிக்கிற பேரன் நகலை வாங்கி ஒவ்வொரு கட்டமாக வாசித்தான். சாதிக் கட்டத்தில் நின்றான். பிறகு மெதுவாக வாசித்தான். பெரியவர் எங்களைப் பார்த்து, “நீங்க அந்தப் பக்கம் போய்க் கேக்கணும்” என்று கையைக் காட்டினார். தண்ணீர் வரவே இல்லை. அந்தம்மாவுக்கு மொழி தெரியாது, ஆனால் என்ன நடந்தது என்று நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

காலனியில் அன்று மாரியம்மனுக்குக் கூழ். பட்டியலில் இருந்த பெயரைக் கேட்டுப் பார்த்தோம், நூறு வருஷத்துக்கு முந்தைய ஆளை யாருக்குத் தெரியும்? தெரியாவிட்டால் என்ன, உட்காருங்கள் என்று ஒரு கிழவி தூக்குச்சட்டியில் கூழை ஊற்றி, மேலே வெங்காயமும் கருவாடும் வைத்துக் கொடுத்தார். அந்தம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, கேழ்வரகின் நிறத்தைப் பார்த்து, எங்கள் ஊரில் இது வெள்ளையாக இருக்கும் என்றார். பிறகு இன்னொரு சட்டி கேட்டு வாங்கிக் குடித்தார்.